வெளிநாட்டில் அசைன்மெண்ட் போடுவது, தாமதமானால் செய்ய வேண்டியது: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கேள்வி: அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்து எம்எஸ்சி படிக்க இங்கிலாந்து வந்திருக்கேன். முதல் அசைன்மெண்டுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணி கெடு. திங்கள் காலையில போட்டா எவ்வளவு மார்க் போகுங்க? சார்கிட்ட நேர்ல சொல்லி நாள் வாங்கிக்கலாமா?

பதில்: தம்பி, முதல்ல கணக்கைப் பார்த்துடுங்க. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு நாள் தாமதத்துக்கு 5 மார்க் பிடிப்பார்கள். கெடு முடிந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். 4:01க்குப் போட்டாலும் ஒரு நாள் கணக்குதான். வெள்ளி 4 மணியிலிருந்து திங்கள் காலை 9 மணிவரை 65 மணி நேரம், அதாவது மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணும் இடமென்றால் 15 மார்க் போய்விடும். இந்தப் பிடித்தம் மொத்தம் 100க்கு. நீங்கள் எடுத்த மார்க்கில் 5 சதவீதம் அல்ல. 62 எடுத்த தாள் 47 ஆகும். முதுகலையில் பாஸ் 50.

வேலை நாள் மட்டும் எண்ணும் இடத்தில் அதே திங்கள் காலைக்கு ஒரு நாள்தான் பிடிப்பார்கள். சில இடங்களில் நாள் கணக்கே இல்லாமல், தாமதமானால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பாஸ் மார்க்கோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் மாட்யூல் (இங்கே ஒரு பாடத்தை அப்படித்தான் சொல்வார்கள்) கையேட்டில் மூன்றைப் பாருங்க: எந்த நாளை எண்ணுகிறார்கள், எதிலிருந்து கழிக்கிறார்கள், எத்தனை நாளுக்குப் பிறகு பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தின் பொது விதி, நாளுக்கு மொத்த மார்க்கில் 5 சதவீதம், 10 நாள் தாண்டினால் பூஜ்யம். அங்கே விடுமுறை நாளும் கணக்கில் சேரும்.

சார்கிட்ட சொல்வதால் பெரும்பாலும் பலன் இருக்காதுங்க. நம்ம ஊர்க் கல்லூரியில் இன்டர்னல் மார்க் ஏற்றும் கடைசி நாள்வரை துறைத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்துவிடலாம். இங்கே பாடம் எடுப்பவருக்குக் கெடுவைத் தள்ளிவைக்கும் அதிகாரமே பல இடங்களில் கிடையாது. அது மாணவர் அலுவலகத்தின் வேலை, அதற்குத் தனிப் படிவம் உண்டு. அவர் தலையாட்டியதை நம்பி இருந்தால் கணினி பாட்டுக்கு மார்க்கைக் கழித்துவிடும். நாள் கிடைத்தது என்றால் எழுத்தில், புதுத் தேதியோடு கையில் இருக்க வேண்டும்.

பதில்: படிவத்தைப் பற்றி நான் சொல்றேன். பிரிட்டனில் அதை மிட்டிகேட்டிங் அல்லது எக்ஸ்டெனுவேட்டிங் சர்கம்ஸ்டான்சஸ் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்பெஷல் கன்சிடரேஷன். இரண்டிலும் கெடுவுக்கு முன்னால் கேட்பவருக்குத்தான் வழி சுலபம். கெடு கடந்தபின் கேட்டால், "ஏன் முன்பே கேட்கவில்லை" என்பதற்கும் சேர்த்து ஆதாரம் காட்ட வேண்டிவரும். பல பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு ஓரிரு முறை ஆதாரமே இல்லாமல் சில நாள் தருகிறார்கள். அதை முதல் பருவத்தின் சின்ன அசைன்மெண்டில் செலவழித்துவிடாதீங்க. கனமான தாளுக்கு வைத்திருங்க.

எடுபடும் காரணங்கள்: திடீர் நோய், நெருங்கிய உறவினர் இறப்பு, விபத்து, திருட்டு. எடுபடாதவை: லேப்டாப் பழுது, தேதியைத் தப்பாகப் படித்தது, ஒரே வாரத்தில் மூன்று கெடு, பகுதிநேர வேலை, வீட்டுக் கல்யாணம். நம்ம பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழா வருவது நவம்பரில், முதல் பருவத்தின் அசைன்மெண்டுகள் குவிவதும் அப்போதுதான். தேருக்குப் போயிருந்தேன் என்று எழுதினால் நாள் தரமாட்டார்கள்.

ஆதாரத்தில் பலர் சறுக்குவது தேதியில். காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து மருத்துவரிடம் போனால் "இப்படி இருந்ததாக மாணவர் சொன்னார்" என்றுதான் எழுதித் தருவார். அதை ஏற்பது அரிது. நோய் இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுங்க. பிரிட்டனில் முதல் 7 நாள் நோய்க்கு மருத்துவர் பிட் நோட் (நோய்ச் சான்றிதழ்) தருவதில்லை, தனிக் கடிதத்துக்குக் காசு கேட்கலாம். வந்த வாரமே பக்கத்து ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயர் பதிந்து வைப்பது இதற்கெல்லாம் உதவும். ஊரிலிருந்து வரும் மருத்துவக் கடிதத்தில் லெட்டர்ஹெட், பதிவு எண், தேதி மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மலையாளத்திலோ தமிழிலோ மட்டும் உள்ள சான்றிதழுக்கு, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு ஆங்கிலப் படி வேண்டும். ஆதாரம் வரத் தாமதமானால் படிவத்தை இன்றே போட்டுவிட்டு, ஆதாரம் எந்தத் தேதிக்குள் வரும் என்று அதிலேயே எழுதுங்க.

காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை செய்ய முடியவில்லை, அது எந்த மாட்யூலைப் பாதித்தது, எத்தனை நாள் வேண்டும். மாணவர் எண்ணும் மாட்யூல் குறியீடும் கட்டாயம். ஐந்தாறு வரி போதும்.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போறேங்க அக்கா. கெடு ஜனவரியில் வருது. அங்கிருந்து போடலாமா?

பதில்: தாராளமா போடலாம் கண்ணு, ஆனா கிளம்புறதுக்கு முன்னால சில வேலை இருக்கு. பல்கலைக்கழக லாகின் உங்க பிரிட்டன் எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்படி இருந்தால், வேலந்தாவளத்தில் அந்த சிம்முக்குச் செய்தி வராமல் போக வாய்ப்புண்டு. லாகினுக்குக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் போனில் போட்டு, ஒரு முறை அதன் வழியாகவே உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்க. ஊரில் போன் மாற்றினால் அந்தச் செயலியும் போய்விடும், கெடு முடியும்வரை பழைய போனையே வைத்திருங்க.

நேரம்: ஜனவரியில் லண்டன் பகல் 12 மணி நமக்கு மாலை 5:30. மார்ச் கடைசி ஞாயிறில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்துவார்கள், அதற்குப் பிறகு அதே 12 மணி நமக்கு 4:30. டொராண்டோவில் ஜனவரி 14 இரவு 11:59 என்றால் நமக்கு ஜனவரி 15 காலை 10:29. அசைன்மெண்ட் போடும் தளமான மூடுலில் உங்கள் புரொபைலில் எந்த நேர மண்டலம் இருக்கிறதோ அதில்தான் கெடுவைக் காட்டும். கொல்கத்தா (இந்திய) நேரத்தில் வைத்துவிட்டு அதை லண்டன் நேரம் என்று நினைத்தால் கணக்குத் தப்பும்.

கரண்ட், நெட் இரண்டையும் நம்பிக் கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீங்க. முந்தின நாளே முழுமையான ஒரு கோப்பைப் போட்டு வையுங்க. கெடுவரை மாற்றிப்போட அனுமதி இருந்தால் நல்லதை அப்புறம் மாற்றலாம்.

பதில்: மாற்றிப் போடுவதிலும் கவனம் வேணும். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டினில் முதல் மூன்று முறைக்குப் பிறகு புதுக் கோப்பு போட்டால் ஒப்புமை அறிக்கை (உங்கள் எழுத்து மற்ற மூலங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது) வர 24 மணி நேரம் ஆகும். மூடுல் போன்ற இன்னொரு தளமான கேன்வாஸில் கெடு கடந்து திருத்திய கோப்பைப் போட்டால் அந்தப் புதியது தாமதம் என்றே பதிவாகும். ஒரு எழுத்துப்பிழைக்காக அதைச் செய்யாதீங்க.

மூடுலில் கோப்பை ஏற்றியதோடு வேலை முடியாத இடங்களும் உண்டு. நிலை "டிராஃப்ட்" என்று நின்றால் நீங்கள் இன்னும் சமர்ப்பிக்கவில்லை, சப்மிட் பொத்தானை அமுக்க வேண்டும். முடிந்ததும் ஏற்றிய கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்க. பழைய டிராஃப்டும் வேறு பாடத்தின் கோப்பும் போய்ச் சேருவது அடிக்கடி நடக்கிறது. ஆப்பிளின் பேஜஸ் கோப்பு, பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப், எழுத்தில்லாமல் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் மூன்றையும் டர்னிட்டின் ஏற்காது. கூகுள் டாக்ஸில் எழுதினால் வேர்ட் கோப்பாக இறக்கி அதைப் போடுங்க. ரசீது மின்னஞ்சலைப் பத்திரமா வையுங்க.

ஒப்புமை எத்தனை சதவீதம்வரை சரி என்று எல்லாரும் கேட்கிறாங்க. அப்படியொரு பொது எண் கிடையாது. நூற்பட்டியலும் முகப்புத் தாளும்கூடச் சதவீதத்தை ஏற்றும். ஒரே மூலத்திலிருந்து தொடர்ச்சியாக ஒரு பத்தி நிறம் காட்டினால் அதுதான் ஆபத்து.

கேள்வி: நாங்க நாலு பேரும் ஒரே வீடு, ஒரே கோர்ஸ். முடிச்ச கோப்பை மத்தவங்களுக்குப் பார்க்கக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஊரில் ரெக்கார்டு நோட்டைக் கைமாற்றுவது சாதாரணம், இங்கே அதற்குக் கொல்யூஷன் (கூட்டுச் சேர்ந்து செய்யும் மோசடி) என்று பெயர். கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் விசாரிப்பார்கள். கேள்வியைச் சேர்ந்து பேசலாம், எந்த நூல் உதவும் என்று சொல்லலாம். கோப்பு கைமாறக் கூடாது, கெடு முடிந்த பிறகும்தான். நாலு பேரில் யாருக்காவது நீட்டிப்பு கிடைத்திருக்கலாம்.

காசுக்கு எழுதித் தருகிறோம் என்று வாட்சப்பில் வருபவர்களுக்குப் பதிலே போடாதீங்க. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தச் சேவை நடத்துவதே குற்றம். வாங்கியவரைப் பல்கலைக்கழகத்தில் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டி மேலும் பணம் கேட்பதும் நடக்கிறது. ஏஐ பயன்படுத்துவதில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி விதி இருக்கும், கையேட்டில் பாருங்க. குறிப்புகளையும் வேர்டின் வெர்ஷன் ஹிஸ்டரியையும் அழிக்காமல் வையுங்க, சந்தேகம் வந்தால் நீங்கள் எழுதியதைக் காட்ட அவைதான் ஆதாரம்.

முதல்ல கேட்ட தம்பிக்கு: வெள்ளி 4 மணிக்குள் முடியாது, நீட்டிப்பும் கிடைக்கவில்லை என்றால், இருப்பதை ஒழுங்குபடுத்தி, நூற்பட்டியலோடு 3 மணிக்குப் போட்டுவிடுங்க. 15 மார்க் கழிந்த நல்ல தாளைவிட, சுமாராக எழுதி நேரத்துக்குப் போட்ட தாளுக்கே பெரும்பாலும் மார்க் கூட வரும்.