வலப்பக்க ஸ்குரூ மட்டும் திரும்பத் திரும்பக் கழல்கிறது, என்ன செய்யலாம்?

கேட்பவர் (வெள்ளவத்தை):
வணக்கம். என்னிடம் ஓஓ எனும் மாதிரி ரயில் அளவில், 16.5 மி.மீ. தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடும் 4-6-0 (முன்னே நான்கு சிறு சில்லு, அடுத்து ஆறு பெரிய சில்லு) நீராவி எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று இருக்கிறது. நம் இலங்கை ரயில்வேயின் பி1 வகுப்பு நீராவி எஞ்சின் போல ஆக்க ஆசைப்பட்டு, சில்லுகளை இணைக்கும் தண்டுகள் உட்பட எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடித்தேன். அன்றிலிருந்து சில்லில் தண்டைப் பிடிக்கும் ஸ்குரூ பதினைந்து நிமிடத்துக்குள் கழன்று விழுகிறது. எப்போதும் வலப்பக்கம்தான். நேற்று அரிசிமணியை விடச் சிறிய அந்த ஸ்குரூவை டோர்ச் அடித்து ஒரு மணித்தியாலம் தேடினேன். சுப்பர் குளூ விட்டால் நிற்குமா?

பதில் 1:
தம்பி, சுப்பர் குளூ மட்டும் வேண்டாம். தண்டின் துளைக்குள் ஊறிப் போனால் சில்லே இறுகிவிடும். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் லொக்டைட் (ஸ்குரூ கழலாமல் மரையில் விடும் பசை) கேட்டுப் பாருங்கள். ஊதா நிற 222 சின்ன ஸ்குரூவுக்கென்றே உள்ளது. சிவப்பு 271 வாங்காதீர்கள். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், உங்கள் பிளாஸ்டிக் சில்லு உருகிவிடும்.

பதில் 2 (முன்பு பட்டறையில் இருந்தவன்):
ஒட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். வட்டப் பாதையில் எப்போதும் முன்பக்கமாகத்தானே ஓட்டுகிறீர்கள்?

வலப்பக்கம் நின்று பார்த்தால், முன்னே போகும் எஞ்சினின் சில்லு கடிகார முள் போலச் சுற்றும். தண்டு சுற்றாது, கிடையாக இருந்தபடியே மேலும் கீழும், முன்னும் பின்னும் போய் வரும். ஆக, சில்லில் இருக்கும் ஸ்குரூவுக்குத் தண்டு எதிர்ப்பக்கமாகத் தேய்ப்பதுபோல. தண்டு ஸ்குரூத் தலையில் உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் கழற்றும் பக்கமாக ஒரு இழுவை. இடப்பக்கத்தில் அதே உரசல் இறுக்கும். பின்னோக்கி ஓட்டினால் பக்கம் மாறும்.

தண்டு ஸ்குரூத் தலைக்கும் சில்லுக்கும் நடுவே தளர்வாக ஆட வேண்டும். பெயின்ற் அந்த இடைவெளியைத் தின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்குரூவைக் கழற்றித் துளையைச் சுற்றிப் பாருங்கள்.

கேட்பவர்:
அண்ணா, அப்படியே இருக்கிறது! துளையைச் சுற்றி ஸ்குரூத் தலை அளவில் பளபளவென்று ஒரு வளையம், பெயின்ற் தேய்ந்து பித்தளை தெரிகிறது. இடப்பக்க ஸ்குரூ மிக இறுக்கமாக இருந்தது, கழற்றவே கஷ்டப்பட்டேன்.

பதில் 2:
சரி, இரண்டு பக்கமும் அந்தப் பெயின்றைச் சுரண்டிவிடுங்கள், துளையின் உட்புறத்தையும் சேர்த்து. விரலால் தள்ளினால் தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். அப்புறம் அசிட்டோனில் ஸ்குரூவை மட்டும் கழுவுங்கள், பிளாஸ்டிக்கில் படக்கூடாது. மரையில் எண்ணெய் இருந்தால் எதுவும் பிடிக்காது. சில்லு பிளாஸ்டிக் என்பதால் லொக்டைட்டும் தவிர்க்கலாம், சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழ வைக்கும். வீட்டில் கியூடெக்ஸ் (நகப்பூச்சு) இருந்தால் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு மரையில் ஒரு புள்ளி. எண்ணெய் விடுவது அது காய்ந்த பிறகு.

கேட்பவர்:
சுரண்டிவிட்டு, கியூடெக்ஸ் வைக்காமலே முதலில் ஓட்டிப் பார்த்தேன். அரை மணித்தியாலம் முன்னே, அரை மணித்தியாலம் பின்னே. இரண்டு பக்கமும் ஸ்குரூ அசையவில்லை. முன்பு முனகிய எஞ்சின் சத்தமும் குறைந்திருக்கிறது. இன்றிரவு தங்கச்சியிடம் கியூடெக்ஸ் வாங்கி ஒவ்வொரு புள்ளி வைக்கிறேன். மிக்க நன்றி அண்ணா.