மைனஸ் 5 வோல்ட் வேண்டுமா, வேண்டாமா?

குளிரறை:
வெப்பநிலை அளக்க ஒரு சுற்று: கே வகைத் தெர்மோகப்பிள் (முனைக்கும் பலகைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைச் சிறு மின்னழுத்தமாகத் தரும் கம்பி இணை), அதைப் பெருக்க எம்சிபி6வி01 ஆப்-ஆம்ப் சில்லு, 100 மடங்கு பெருக்கம், ஒற்றை 5 வோல்ட் மின்வழங்கல். கொதிநீரில் 0.29 வோல்ட் சரியாக வருகிறது. முனையை ஐஸில் இறக்கினால் 15 மில்லிவோல்ட்டில் நின்றுவிடுகிறது. உப்பைக் கொட்டிக் கிளறினாலும் அசையவில்லை.

பழையபட்டறை:
அசையாது. உங்கள் அறை 30 டிகிரி என்றால், ஐஸில் இருக்கும் தெர்மோகப்பிள் தருவது மைனஸ் 1.2 மில்லிவோல்ட். பூஜ்யத்துக்குக் கீழே போக ஆப்-ஆம்ப்புக்கு வழியே இல்லை. ஒரு ஐசிஎல்7660 (பிளஸ் மின்னழுத்தத்தை மைனஸாக்கும் சார்ஜ் பம்ப் சில்லு), இரண்டு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் போதும், மைனஸ் 5 கிடைத்துவிடும். முதல் மின்தேக்கியை 5 வோல்ட்டுக்கு நிரப்பி, அதைத் தலைகீழாக மாற்றி இரண்டாவதில் கொட்டுகிறது, அவ்வளவுதான். வெளியீட்டு மின்தேக்கியின் பிளஸ் முனை கிரவுண்டுக்குப் போக வேண்டும். அவசரத்தில் பலரும் மாற்றி வைப்பது அங்கேதான்.

ஓம்விதி:
குளிரறை, தயவுசெய்து அப்படியே இணைத்துவிடாதீர்கள். எம்சிபி6வி01 தாங்குவது மொத்தம் 5.5 வோல்ட். மைனஸ் 5 கொடுத்தால் அதன் மேல் 10 வோல்ட் விழும், கருகிவிடும். மைனஸே தேவையில்லை. தெர்மோகப்பிளின் மைனஸ் கம்பியை 0.5 வோல்ட் ரெஃபரன்ஸில் (நிலையான ஒப்பீட்டு மின்னழுத்தம்) தூக்கி வையுங்கள், பெருக்கத்தை அமைக்கும் மின்தடைகளில் கிரவுண்டுக்குப் போவதையும் அதிலேயே கட்டுங்கள். சுமையால் ரெஃபரன்ஸ் அசையாமல் இருக்க இடையில் ஒரு பஃபர் வேண்டும். வெளியீட்டையும் ரெஃபரன்ஸையும் சேர்த்து அளந்து கழித்தால் ரெஃபரன்ஸின் பிழையும் கழிந்துவிடும். மைக்ரோவோல்ட் அளக்கும் பலகையில் மின் சத்தம் போடும் 7660 பம்ப் எதற்கு?

பழையபட்டறை:
10 வோல்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி, நான் கவனிக்கத் தவறினேன். ஓபி07 ஆப்-ஆம்ப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. சத்தத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7660 உள்ளே 10 கிலோஹெர்ட்ஸில் ஓடினாலும் மின்தேக்கி மாறுவது 5 கிலோஹெர்ட்ஸில். 2 மில்லிஆம்பியர் இழுத்தால் 10 மைக்ரோஃபாரடில் மின்னழுத்த அலைவு சுமார் 20 மில்லிவோல்ட். 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் வடிகட்டி அதை 300 மடங்குக்கு மேல் குறைக்கும். விலை 0.2 வோல்ட் இழப்பு. பம்பின் 55 ஓம் உள்தடையில் இன்னொரு 0.11. மைனஸ் 4.7 கிடைத்தால் ஓபி07க்குத் தாராளம்.

ஓம்விதி:
கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் பம்பின் மின்னோட்டம் கிரவுண்ட் வழியாகத் திரும்புகிறதே! இதே பம்ப் வைத்த என் பலகையில் மின்வழங்கல் சுத்தமாக இருந்தது. ஆஸிலோஸ்கோப்பின் முனையைத் தெர்மோகப்பிளின் கிரவுண்டில் வைத்தபோது 5 கிலோஹெர்ட்ஸ் முட்கள் வரிசையாக நின்றன. வடிகட்டி அதைத் தொடவே இல்லை.

பழையபட்டறை:
அது பலகையில் தடம் வரைந்த பிழை. பம்பின் கிரவுண்டைத் தனியாக ஓட்டி, மின்வழங்கல் நுழையும் புள்ளியில் சேருங்கள். உங்கள் வழியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: முனை கிரவுண்டைத் தொடும் உலோகத்தில் பட்டால் ரெஃபரன்ஸ் குறுக்குச்சுற்றாகிவிடும். குளிரறை, முனை எங்கே இருக்கிறது?

குளிரறை:
செம்புக் குழாயில் நேராக இறுக்கியிருக்கிறேன். குழாய் எர்த்தில், பலகை யுஎஸ்பி வழியாகக் கணினியில்.

ஓம்விதி:
அப்படியானால் காப்பிட்ட முனை வாங்குங்கள். கம்ப்ரெஸர் ஓடும்போது குழாயும் உங்கள் கிரவுண்டும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்காது, பம்ப் வைத்தாலும் அந்தப் பிழை போகாது.

மில்லிவோல்ட்:
இந்தச் சிறு மைனஸுக்கு முழு 5 வோல்ட் எதற்கு? எல்எம்7705 மைனஸ் 0.23 மட்டும் தரும், இதுவும் சார்ஜ் பம்ப்தான். மேலே 3.3 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 3.53, இப்போதுள்ள ஆப்-ஆம்ப்பே போதும். பெருக்கத்தை 50 ஆக்குங்கள், மைனஸ் 20 டிகிரியில் மைனஸ் 0.1 வோல்ட், இடம் மிச்சம்.

குளிரறை:
எல்எம்7705 பொருத்தினேன். உப்பும் ஐஸும் கலந்த பாத்திரத்தில் மைனஸ் 99 மில்லிவோல்ட் நிலையாக நிற்கிறது. குழாயில் இறுக்கியபோது கம்ப்ரெஸர் கிளம்பும் நேரத்தில் மட்டும் 6 மில்லிவோல்ட் குதிக்கிறது. காப்பிட்ட முனைக்குச் சொல்லியிருக்கிறேன்.