ஹாமர்ஃபெஸ்ட் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, நார்வேயின் வடகோடியில் உள்ள ஹாமர்ஃபெஸ்டுக்கு அம்மாவோடு போகத் திட்டம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகும் டிரோம்சோ நகரமே போதுமே என்கிறார்கள் எல்லோரும். எனக்கென்னவோ சுற்றுலாக் கூட்டம் குறைந்த ஊர்தான் பிடிக்கும்.

முதல் குழப்பம், எந்த மாதம் என்பது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை மறைவதே இல்லை. அப்போது துருவ ஒளி (இரவு வானில் வண்ணமாய் அலையும் அரோரா) தெரிய வழியில்லை. அம்மாவுக்கு அந்த ஒளியைக் காட்டத்தான் இந்தப் பயணமே! செப்டம்பர் கடைசி என்றால் இரவும் இருக்கும், பனியில் வழுக்கும் பயமும் குறைவு. அந்த நேரத்தில் போனவர்கள் மேகமூட்டம் எப்படி என்று சொல்லுங்கள்.

டிரோம்சோவிலிருந்து, நார்வே கரையோரமாக ஓடும் ஹர்டிகுருட்டன் பயணிகள் கப்பலில் ஓர் இரவு. வழியில் லொப்ஹாவெட் என்ற திறந்த கடல் வருகிறது. அம்மாவுக்கு பஸ்ஸிலேயே தலைசுற்றும். கப்பல் ரொம்ப ஆடுமா, பேசாமல் சின்ன விமானத்திலேயே போய்விடலாமா?

இரண்டாம் உலகப்போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்தபோது மிஞ்சியது கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் மட்டும். அதையும், பூமியின் அளவைக் கண்டறிய அளந்த நீண்ட அளவைப் புள்ளி வரிசையான ஸ்ட்ரூவே வளைவின் வடமுனைத் தூணையும் பார்க்க ஆசை. அங்குள்ள சாலன் குன்றுக்கு முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியுமா, வண்டி போகுமா?

அப்புறம், சாப்பாடு. நாங்கள் சைவம், அதுவோ மீன் ஊர். பருப்புப்பொடி கொண்டுபோவேன், நெய்யை, பால்பொருள் என்று சுங்கத்தில் விடமாட்டார்கள். சமையலறையோடு நல்ல தங்குமிடம் தெரிந்தால் சொல்லுங்கள்.