பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: புல்தரை கெடாமல் தோண்டுவது எப்படி?

மன்னைவாசி (கேள்வி):
வளைகுடாவில் பணியாற்றும் என் மைத்துனர், விடுமுறைக்கு வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டரை என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறார். நான் நடைப்பயிற்சிக்குச் செல்லும் நகராட்சிப் பூங்காவில் கம்மல் திருகாணி, கொலுசு, மோதிரம் என்று எதையாவது தொலைத்துவிட்டு யாராவது தேடிக்கொண்டிருப்பது வழக்கம் என்பதால், அவர்களுக்கு இக்கருவியால் உதவலாம் என்று நினைக்கிறேன். (புதையல் ஆசை அறவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.) புல்தரையைச் சிதைக்காமல் எப்படித் தோண்ட வேண்டும்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வண்டல்மண்:
அண்மையில் தொலைந்த நகை பெரும்பாலும் புல்லின் வேரடியிலேயே கிடக்கும். ஆகவே ஒலி கேட்டவுடன் தோண்டாமல், அந்த இடத்தின் மேல் கருவியைக் குறுக்காகவும் நெடுக்காகவும் அசைத்துப் பொருளின் இடத்தைச் சுருக்கிக்கொண்டு, முதலில் புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்கக் கருவியான பின்பாயிண்டர் இருந்தால் வெட்டும் குழி பாதியாகக் குறைந்துவிடும்.

தோண்டியே ஆக வேண்டும் என்றால் சிறு கரணை போதும்; மண்வெட்டியும் கடப்பாரையும் பூங்காவுக்குள் வரவே கூடாது. புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தின் வேரை அறுக்காமல், பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல் மடக்க வேண்டும். உள்ளிருந்து எடுக்கும் மண் புல்லின்மேல் சிதறாதபடி பக்கத்தில் விரித்த சாக்கில் விழட்டும். பொருள் கிடைத்த பிறகும் குழியை மறுபடி சோதித்துவிட்டு, மண் முழுவதையும் திருப்பிப் போட்டு, புல்லை மூடிக் காலால் அழுத்தி நீர் ஊற்றுங்கள். குழிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவது, காலையில் நடக்கும் முதியவர்களின் கணுக்காலுக்கு வைக்கும் பொறியாகும்.

நம் டெல்டாக் களிமண்ணுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சித்திரை, வைகாசியில் அது இறுகி வெடித்திருக்கும்போது வெட்டினால் புல்கட்டி உதிர்ந்து, வேர் காய்ந்து, அந்த இடம் மொட்டையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மிதித்த இடமெல்லாம் சேறாகி இறுகும். தை, மாசியில் மண்ணில் ஈரம் இருந்தும் ஒட்டாத நாட்களே ஏற்றவை.

ஒலி ஒரே கோட்டில் நீண்டுகொண்டே போனால், அது விளக்குக் கம்பத்துக்குச் செல்லும் மின்கம்பியாகவோ தண்ணீர்க் குழாயாகவோ இருக்கலாம். அங்கே கரணையை வைக்காதீர்கள். மரத்தடி வேர்ப்பகுதியும் அப்படியே. கிடைப்பவற்றுள் பெரும்பங்கு பாட்டில் மூடியும் ஆணியுமாகத்தான் இருக்கும். அவற்றை மறுபடி புதைக்காமல் குப்பைத்தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.

காசுநேயன்:
மேலே சொன்ன முறை சரியே. ஆனால் அதை எங்கே கடைப்பிடிப்பது என்பதில் நான் கடுமையான கருத்துடையவன். நம் பகுதியில் பூங்கா என்றால் அது பல இடங்களில் பழைய கோட்டை, அகழி, குளக்கரை, கோயில் நந்தவனம் ஆகியவற்றை ஒட்டியதே; தஞ்சைப் பெரிய கோயிலை அடுத்துள்ள சிவகங்கைப் பூங்காவே சான்று. 2023ஆம் ஆண்டு சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குப் பணிக்காக மண் எடுத்தபோது ஐம்பொன் திருமேனிகளும் தேவாரப் பாடல்கள் பொறித்த செப்பேடுகளும் வெளிப்பட்டதை அனைவரும் அறிவோம்.

மண்ணின் எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி தொலைந்தால் ஒரு சோழர் காசு வெறும் செம்புத்துண்டாகிவிடுகிறது. ஆகவே பழைய பொருள் என்று ஐயம் தோன்றிய நொடியே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள், குழியை அகலமாக்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றே வரையறுத்தது. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். நூறாண்டு கடந்த காசும் சிலையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி தொல்பொருள்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் வளாகத்திலும் அதைச் சூழ்ந்த 100 மீட்டருக்குள்ளும் கருவியை வெளியில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

மன்னைவாசி:
விரிவான விளக்கங்களுக்கு நன்றி, ஐயா. எங்கள் பூங்கா பழைய குளத்தின் கரையில்தான் இருக்கிறது. யாராவது மோதிரத்தைத் தொலைத்துவிட்டு வந்து கேட்டால், அப்போது மட்டும் அந்த இடத்தில் தேடலாமா?

நகராட்சியில் முன்பு:
அதுவே முறையான வழி என்பேன். நகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தேடும் நாள், நேரம், பூங்காவின் எந்தப் பகுதி, கைக்கரணை மட்டுமே பயன்படுத்துவீர்கள், தரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். அன்று பணியில் இருக்கும் காவலாளி மாறினால் அது செல்லாது. குளக்கரையின் சரிவில் மட்டும், சிறு குழியாக இருந்தாலும், தோண்டாதீர்கள். மழைக்காலத்தில் கரை அரிப்பதற்கு அதுவே வாயிலாகும். தொலைத்தவர் உடனிருக்கும்போதே தேடுங்கள். உரியவர் யாரென்று தெரியாத நகை கிடைத்தால் பூங்காக் காவலாளியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.