ஊர் நிருபர், அரசு ரேடியோ, சாப்பாட்டுச் செய்தி: இனி யார் நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது?

மரக்காணம் ரோடு கேட்டது:

எங்கள் நிலம் திண்டிவனம் - மரக்காணம் சாலையில். கோடைக்கு அப்பா தர்பூசணி போடுவார். 2025 சீசனில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயம் ஏற்றிய பழத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சென்னையில் ஓர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி டிஷ்யூ பேப்பரை வைத்துச் செய்து காட்டினார். அந்த வீடியோவை எடுத்து ஆளாளுக்கு சிரிஞ்ச் படம் ஒட்டி யூடியூபில் போட்டார்கள். வியாபாரி வரவில்லை, வந்தவன் கேட்ட விலை பறிகூலிக்குக்கூடப் பத்தவில்லை. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கி, அதிகாரி இடமாற்றமாகி, அப்படிப்பட்ட பழம் எதுவும் பிடிபடவில்லை என்ற விளக்கம் வருவதற்குள் பழம் கொடியிலேயே வெம்பிவிட்டது.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "இத்தனை பேர் பேசுறானே, ஒருத்தனாவது கழனிக்கு வந்து பார்த்தானா?"

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு நிருபர் இருப்பார், அரசு ரேடியோவில் விவசாயத்துக்கென்றே ஆள் இருப்பார் என்கிறார்கள். அவர்களெல்லாம் எங்கே போனார்கள்? சாப்பாட்டைப் பற்றி இத்தனை வீடியோ வருகிற காலத்தில் அது விளைகிற இடத்துக்கு ஏன் யாரும் வருவதில்லை? 'மொபைல் வந்துவிட்டது, மக்கள் படிப்பதில்லை' என்ற பதில் எனக்கும் தெரியும். அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பகுதிநேரம் எழுதியது:

தம்பி, நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். பேப்பர் பெயர் வேண்டாம். பேப்பர் போடும் ஏஜென்சியும் கூடவே பார்த்தேன். உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது.

பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒரு தொகை வரும், அது பெட்ரோலுக்கே காணாது. எங்களை ஓட்டியது விளம்பரக் கமிஷன். பொங்கல் வாழ்த்து, தலைவர் பிறந்தநாள், பள்ளிக்கூடத்து ரிசல்ட் விளம்பரம் எல்லாம் சீசனுக்கு வரும். வருஷம் முழுக்க வந்தது கண்ணீர் அஞ்சலியும் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியும்தான். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேட்டர் எழுதுவோம். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று பெயர் அடுக்கும்போதுதான் அந்த வீட்டுக் கதையே வெளியே வரும். ஒரு வீட்டில் பெரிய மருமகன் பெயரைப் போடக்கூடாது என்றான் மகன். போடாவிட்டால் காரியத்துக்கு வரமாட்டேன் என்று எழுந்துவிட்டாள் மகள். மருமகன்கள் பெயரையே எடுத்துவிட்டு 'மற்றும் குடும்பத்தினர்' என்று முடித்துத்தான் எல்லாரையும் உட்கார வைத்தேன். அந்தக் கமிஷனில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுநாள் மார்க்கெட் கமிட்டிக்குப் போய், மணிலா (வேர்க்கடலை) வரத்து எத்தனை மூட்டை, என்ன விலைக்குப் போனது, எடை போட ஏன் ராத்திரி ஆகிறது என்று கேட்டு எழுதி அனுப்பினேன்.

அனுப்புவது என்றால் அப்போது பஸ்ஸில். கவர் மேல் 'அவசரச் செய்தி' என்று எழுதி, ஃபிலிம் ரோலையும் உள்ளே போட்டு, தெரிந்த டிரைவரிடம் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். அப்புறம் ஃபேக்ஸ், மெயில் எல்லாம் வந்தது.

இப்போது சாவு விழுந்த ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பொழுது சாய்வதற்குள் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் எத்தனை மருமகனுக்கும் இடம் இருக்கிறது. அந்த வருமானம் அங்கே போனது, நிருபரின் பெட்ரோலும் அதோடு போனது. மக்கள் படிப்பதை நிறுத்தியதெல்லாம் அப்புறம் நடந்த கதை. 2020-ல் கொரோனா பயத்தில் வீடுகள் பேப்பரை நிறுத்தின, டீக்கடையும் சலூனும் அடைத்துக் கிடந்தன. திறந்த பிறகு என் லைனில் பாதிக் கடைகள் திரும்ப எடுக்கவில்லை. 1941-ல் தொடங்கிய கல்கியே அந்த வருஷம் அச்சை நிறுத்தியது என்றால் தாலுகா ஏஜென்ட் எம்மாத்திரம். (பஜ்ஜி எண்ணெய் ஒற்றும்போதாவது நாலு வரி படிப்பார்கள் என்று நினைத்தால், சாப்பாட்டைச் செய்தித்தாளில் சுற்றக்கூடாது என்று 2018 விதிமுறையில் அதற்கும் தடை வந்துவிட்டது. நல்ல விதிதான், மையில் இருப்பது நமக்குத் தெரியாதா.)

அதற்காக எங்கள் காலத்தைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டல் திறந்தால் யார் குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பது வரைதான் எங்கள் உணவுச் செய்தி. சாம்பாரில் பல்லி கிடந்தால் 'பிரபல ஓட்டல்' என்று அச்சாகும், பெயர் வராது. விளம்பரம் தருகிறவரை யார் பகைப்பார்கள்? ஆனால் கல்யாணச் சாப்பாட்டில் வாந்தி பேதி என்று தகவல் வந்தால் ஜி.ஹெச். போய் வார்டில் தலையை எண்ணாமல் எழுதமாட்டோம். ஐம்பது பேர் என்று ஊர் சொல்லும், கட்டிலில் பதினைந்து பேர் இருப்பார்கள். பந்தி பரிமாறியவரைப் பிடித்தால் எந்த அயிட்டம், எத்தனை மணிக்கு வடித்த சோறு என்று சொல்லிவிடுவார். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும்.

தர்பூசணி விஷயத்தில் தேவைப்பட்டதும் அந்த நாலு வரிதான். ஒரு கழனிக்குப் போய் ஒரு பழத்தை அறுத்துப் பார்த்து, தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு வார்த்தை, லோடு ஏற்றுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஊசி குத்திய பழம் லாரியில் ஒரு நாள் தாங்குமா என்று ஏற்றுகிறவரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை அச்சில் போட அன்றைக்கு ஆள் இல்லை.

மெஸ்காரர் எழுதியது:

மத்தியானச் சாப்பாடு மட்டும் போடும் சின்ன மெஸ் என்னுடையது. வீடியோ எடுக்க வந்த ஒரு கோஷ்டி முதலில் ரேட் கார்டு அனுப்பினார்கள். ரீல்ஸுக்கு ஒரு தொகை, முழு வீடியோவுக்கு ஒரு தொகை, கூடவே ஐந்து பேருக்குச் சாப்பாடு. முடியாது என்றேன். அடுத்த தெருவில் எடுத்தார்கள். முதல் கவளம் வாயில் போவதற்கு முன்பே 'வேற லெவல்' என்று சொல்லியாயிற்று. காசு வாங்கிப் போடுகிற வீடியோ என்றால் அதைப் பார்க்கிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021-லேயே விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை வந்துவிட்டது. யார் சட்டை செய்கிறார்கள்?

காசு வாங்காமல் எடுத்த பையனும் ஒருவன் உண்டு, நல்ல பையன். அவன் வீடியோ போட்டதும் வந்த கூட்டத்தில் ஒன்றரை மணிக்கே சோறு தீர்ந்து, தினம் வருகிற ஆட்டோக்காரர்கள் பசியோடு திரும்பிப் போனார்கள். கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது, ஆட்டோக்காரர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. எண்ணெய் டின் விலை ஏறியபோது சாப்பாட்டு விலையை ஏற்றாமல் எப்படிச் சமாளிக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன்.

கடலூர்க்காரி எழுதியது:

ரேடியோ பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ரேடியோப் பெட்டி மாடு கட்டும் கொட்டகையில் தொங்கும், அப்பா பால் கறக்கும்போது கேட்பார். ஒரு முறை பண்ணை நிகழ்ச்சிக்காக நிலையத்திலிருந்து ஒருவர் ரெக்கார்டரோடு எங்கள் வரப்புக்கே வந்தார். அப்பா மைக்கைப் பார்த்ததும் மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்துவிட்டார். அந்த அதிகாரி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, போன போகத்தில் எத்தனை மூட்டை கண்டது, எரு எங்கே வாங்கினீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுத்து, அப்பா சகஜமான பிறகுதான் பட்டனை அழுத்தினார். வீடியோக்காரர்கள் யாராவது இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் பரவியபோது அதற்கு ஜனங்கள் வைத்த பெயரே ரேடியோ அரிசி. வானொலியில் கேட்டுத்தான் விதைத்தார்கள். 2004-ல் கிசான் வாணி என்று விவசாயிகளுக்கென ஒரு நிகழ்ச்சியும் தொடங்கினார்கள். ஆனால் இப்போது நான் திருப்பும் நேரத்தில் பாதி வேறு நிலையத்து ஒலிபரப்பை அப்படியே அஞ்சல் செய்வதாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்து மழையைப் பற்றி நம் பக்கத்துக் குரல் பேசும் நேரம் சுருங்கிவிட்டது. செலவைக் குறைக்கிறார்கள் போலும். 2019 ஜனவரியில் தேசிய அலைவரிசையையே மூடினார்களே.

தனியார் எஃப்.எம். இருக்கிறதே என்பார்கள். அவர்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல இந்த நாட்டில் அனுமதி இல்லை, ஆகாஷவாணிச் செய்தியை அப்படியே போடலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல விடலாம் என்று 2023-ல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்தது, ஆனால் அது பரிந்துரையாகவே நிற்கிறது. அதனால் ரேடியோவில் உள்ளூர்ச் செய்தி என்றால் இன்றும் அரசு நிலையம் ஒன்றுதான் கதி. சமுதாய வானொலிக்கும் செய்தி விஷயத்தில் அதே கட்டுதான், ஆனாலும் பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பணமில்லாமல் ரேடியோ நிற்பது ஒன்றும் புதிதல்ல. சென்னையில் 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய ரேடியோ கிளப் 1927-ல் காசில்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930-லிருந்து, 1938-ல் அகில இந்திய வானொலி வரும் வரை, மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. குப்பை அள்ளுகிற அதே மாநகராட்சிதான்!

கிள்ளான் வாசகி எழுதியது:

மலேசியாவிலும் இதே கதைதான். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரி முதல் வருவதில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து என் தாத்தா அதன் வாசகர். ஞாயிறு பதிப்பில் கதையும் கவிதையும் எழுதித்தான் இங்கே பலர் எழுத்தாளர் ஆனார்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, யார் வீட்டில் யார் தவறினார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். வேறு நாளிதழ்கள் உண்டு, அரசாங்க வானொலி மின்னல் எஃப்.எம்.மும் உண்டு. இருந்தாலும் தாத்தா காலை எட்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வெகு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

சும்மா ஒரு ஆள் எழுதியது:

பேப்பர் செத்தால் சாகட்டும் சார். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கரண்ட் கட் முதல் கோழிக்கறி விலை வரை எல்லாம் வருகிறது, ஓசியில்.

பழைய பகுதிநேரம் எழுதியது:

வரட்டும், நானும் அப்படி மூன்று குரூப்பில் இருக்கிறேன். கோழிக்கறி விலையைக் குரூப்பில் போடுகிறவர் யார் என்று பாருங்கள், கறிக்கடைக்காரராக இருப்பார். நாங்கள் போட்டால் உழவர் சந்தைப் பலகையில் எழுதியதையும் வெளியே கடையில் விற்றதையும் சேர்த்துப் போடுவோம். தர்பூசணி வீடியோவும் அதே குரூப்பில்தான் வந்தது. ஓசியில்தான்.

கடலூர்ச் சகோதரி சொன்னது சரி. மைக்கைக் கீழே வைக்கத் தெரிந்த ஆள் சம்பளத்தில் இருந்ததால்தான் அது நடந்தது. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, நான் செத்தவர்கள் தயவில் ஓடினேன்.

மரக்காணம் ரோடு தம்பி, நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். உங்கள் தாலுகாவில் இப்போதும் ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். உங்களுக்குப் பேப்பர் போடும் பையனைக் கேட்டால் நம்பர் கிடைக்கும். அவர் கழனிக்கு வராததற்குக் காரணம் சோம்பலாக இருக்காது, வண்டியில் பெட்ரோல் இருக்காது. 'விவசாயிகள் பாதிப்பு' என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வியாபாரி கொடுத்த சீட்டு, எடை, தேதி, கேட்ட விலை, போன வருஷச் சீட்டு இதையெல்லாம் படம் எடுத்து அனுப்புங்கள். பெயரோடு பேசத் தயாராக இருக்கும் இரண்டு விவசாயிகளின் நம்பரையும் கொடுங்கள். அதைச் செய்தியாக்க அவருக்கு அரை மணி நேரம் போதும், டெஸ்க்கிலும் தள்ளமாட்டார்கள். அப்படியே அடுத்த முறை வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஃப்ளெக்ஸோடு சேர்த்து ஒரு கால் பத்தி விளம்பரமும் அவர் மூலமாகக் கொடுங்கள். மருமகன்கள் பெயரை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.