கண்டி இரவு நடையில் ‘லயத்து ரொட்டி’: தேங்காய்ப்பூ எங்கிருந்து வந்தது?

கொழுந்துக்கூடை:
கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்த தோழிகளோடு கண்டி டவுனில் ஓர் இரவு நடைச் சுற்றுலாவுக்குப் போனேன். ஆளுக்கு 40 டொலர். வழிகாட்டி மாலை ஆறு மணிக்கு வாவிக்கரையில் எல்லோரையும் சேர்த்து, தலதா வீதி, கொழும்பு வீதி, கொட்டுகொடெல்ல வீதி என்று நடத்திக் கூட்டிப்போய், வழியில் ஆறேழு கடைகளில் சாப்பிட வைத்தார். முதலில் நன்றாகத்தான் போனது. 1944இல் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் தன் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்த கதை, அந்தச் சிப்பாய்கள் மாலையில் டவுனுக்கு இறங்கியதால் தெருக்கள் விழித்திருந்த கதை எல்லாம் சொன்னார்.

கடைசியாக ஒரு சின்னக் கடை. தேங்காய்ப்பூ, அதாவது துருவிய தேங்காய், பச்சை மிளகாய், வெங்காயம் எல்லாம் போட்டுப் பிசைந்த மெல்லிய ரொட்டி. “இதுதான் தோட்டத் தொழிலாளர்கள் 200 வருடமாகச் சாப்பிடும் லயத்து ரொட்டி” என்றார். அடுத்த பேச்சிலேயே, சம்பள நாளில் அவர்கள் டவுனுக்கு வந்து இந்தத் தெருவில்தான் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள்.

நான் லிந்துலையில் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் அம்மா சுட்ட ரொட்டியில் மாவும் உப்பும் தண்ணீரும்தான் இருக்கும். அதைச் சொன்னேன். “உங்க வீட்டுல வசதி இல்லாம இருந்திருக்கும்” என்று பதில் வந்தது. தொண்டை அடைத்துப்போய்த் திரும்பி வந்தேன்.

ஹட்டன் பழசு:
தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. லயத்து ரொட்டியில் தேங்காய்ப்பூ கிடையாது. நான் அறுபது வருடம் தோட்டத்தில் இருந்தவன், எனக்குச் சொல்ல வேண்டாம். ஹட்டன் 1271 மீற்றர் உயரம். அந்தக் குளிரில் தென்னை ஏது? குருநாகல் பக்கமிருந்து லொறியில் வரும் தேங்காயை வாரத்துக்கு ஒன்று வாங்கினாலே பெரிய காரியம். அதுவும் குழம்புக்குப் பாலெடுக்கத்தான். அதை ரொட்டியில் போட எவளுக்கும் மனம் வராது.

லயத்து ரொட்டி என்றால் என் உள்ளங்கை அளவு கனம். தகரத்தில் போட்டு, விறகுத் தணலில் இரண்டு பக்கமும் கருகக் கருகச் சுட வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும்போது துணியில் சுற்றி எடுத்துப்போனால் பத்து மணித் தேத்தண்ணிக்கும் அதுதான், மதியத்துக்கும் அதுதான். தொட்டுக்கொள்ள செத்தல் மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த சம்பல். தேங்காய்ப்பூ போட்டால் மதியத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். மெல்லிய ரொட்டியாம், தேங்காய்ப்பூவாம். அது சிங்களவர் சுடும் தேங்காய் ரொட்டி, பொல் ரொட்டி. லயத்து ரொட்டி அல்ல.

பதுளை ராணி:
அண்ணே, ஹட்டன் மட்டும்தான் மலையகமா? நான் பசறைப் பக்கத்துத் தோட்டம். பதுளை டவுன் 680 மீற்றர்தான். எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே இரண்டு தென்னை நின்றது. என் அம்மா, அவருடைய அம்மா எல்லோரும் தேங்காய்ப்பூ போட்டுத்தான் ரொட்டி சுட்டார்கள். நாங்களும் லயத்தில்தான் பிறந்தோம். அப்போது எங்கள் வீட்டு ரொட்டி என்ன ரொட்டி?

ஹட்டன் பழசு:
தங்கச்சி, இரண்டு தென்னையை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் சாப்பாட்டை மாற்றப் பார்க்காதீர்கள். உங்கள் பக்கம் பாதி கீழ்நாடு. தேயிலை நன்றாக வரும் உச்சி மலைகளில் போய்க் கேளுங்கள். தேங்காய்ப்பூ கிடையாது.

பதுளை ராணி:
கீழ்நாடா? எங்கள் பதுளை இருக்கும் ஊவாவின் தேயிலைக்கு உலகத்திலேயே தனிப்பெயர் இருக்கிறது, அண்ணே. ஓகஸ்ட் மாதக் காற்றில் காயும் எங்கள் கொழுந்தின் வாசனைக்கு ஏலத்தில் விலையே வேறு. அதைப் பறித்த கைகள் எங்களுடையவை. எங்களைக் கீழ்நாட்டார் என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பேராதனை மாணவன்:
ஐயா, அக்கா, இருவரும் கொஞ்சம் பொறுங்கள். லயத்து ரொட்டி என்று நாம் எந்தக் காலத்து ரொட்டியைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசலாமே. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்தது அரிசி. அந்த அரிசிக் கணக்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, பர்மா அரிசி நின்றுபோன பிறகுதான் கோதுமை மா பங்கீட்டில் எல்லா வீட்டுக்கும் பரவலாகப் போனது. ஆகவே வழிகாட்டி சொன்னதில் பெரிய பிழை அந்த “200 வருடம்”. தேங்காய்ப்பூவைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஹட்டன் பழசு:
தம்பி, கோதுமை மா எப்போது வந்தது என்று நான் கேட்கவே இல்லை. வந்த பிறகு அதில் தேங்காய்ப்பூ போட்டார்களா இல்லையா? இல்லை. பர்மாவை இழுக்காமல் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கட்டுக்கலை:
நான் கண்டி டவுன். என் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் கடை. எனக்கு ரொட்டியைவிட வேறொன்று உறுத்துகிறது. இந்தச் சுற்றுலாக்காரர்கள் தமிழரைக் காட்டுவது கடைசிக் கடையில், ஒரு ரொட்டித் தட்டில் மட்டும்தான். தலதா மாளிகைக்குப் பக்கத்தில் மலபார் வீதி இருக்கிறது. 1739இலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட, தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க மன்னர்களின் உறவினர்கள் குடியிருந்த தெரு அது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் வேலூருக்கு நாடு கடத்தினான். 1832இல் அங்கேயே இறந்தார். இவர்கள் சுற்றிக்காட்டும் அந்த வாவியை வெட்டியவரே அவர்தான். அந்தத் தெருவில் நிறுத்தி இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? டவுனில் தமிழ் என்றால் தோட்டம், ரொட்டி, சாராயம் என்று முடித்துவிடுகிறார்கள்.

ஹட்டன் பழசு:
டவுன்காரர்கள் எப்போதும் ராஜா கதைக்குப் போய்விடுவார்கள். நாயக்கர் லயத்தில் படுத்தாரா? முதலாளி, இந்தத் தளத்தில் முன்பு ஓடிய கொத்து ரொட்டித் திரியிலும் இப்படித்தான் மாசிக் கருவாட்டைப் பற்றிக் கேட்டதற்கு வேறு எதையோ சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்றுவரை பதில் இல்லை. ரொட்டியைப் பற்றிப் பேசுங்கள்.

கட்டுக்கலை:
அந்தத் திரியில் நான் பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. முதலாளி என்று கூப்பிட்டுக் குத்திக்காட்டவும் வேண்டாம். சம்பளம் வராத மாதங்களில் தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்த கடை எங்களுடையது. கடன் எழுதிய கொப்பி இன்னும் இருக்கிறது.

ஹட்டன் பழசு:
கொப்பி இருக்கிறதா? மிக நல்லது. அதில் எத்தனை தேங்காய் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நடைவழி:
நானும் வழிகாட்டிதான். அந்த அக்கா போன சுற்றுலா என்னுடையது இல்லை, ஆனால் தொழில் ஒன்றுதான். என் ஊர் புசல்லாவை, என் பெற்றோர் தோட்டத் தொழிலாளர்கள். 2019 குண்டுவெடிப்புகள், அடுத்து கொரோனா, 2022 பெற்றோல் வரிசை எல்லாம் சேர்ந்து எங்கள் பிழைப்பையே அழித்தது. இப்போதுதான் நிமிர்கிறோம். ஓர் இரவு நடையில் பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனால் வடைக்கடை அக்காவுக்கு, கொத்துக் கடைத் தம்பிக்கு, சுண்டல் வண்டிக்காரருக்கு எல்லாம் காசு போகிறது. கண்டி டவுன் எட்டு மணிக்கே அடங்கிவிடும் ஊர். நாங்கள் நடப்பதால்தான் சில கடைகளில் ஒன்பது வரை வெளிச்சம் இருக்கிறது.

குடிப்பதைச் சொல்லிச் சிரித்தது தப்பு. நான் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் ரொட்டி விஷயத்தில் பெரியவர் சொல்வதை ஏற்க முடியாது. என் பாட்டி தேங்காய்ப்பூ போட்டார். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஹட்டன் பழசு:
எந்த வருடம்? தேங்காய் எங்கே வாங்கினார்? 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் மனிதர்கள் பசியால் செத்தார்கள், தம்பி. மாவுக்கே வழியில்லாமல் கீரையை அவித்துத் தின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. என் தங்கை ஒருத்தியை அந்த வருடம் இழந்தோம். அந்த வீட்டு ரொட்டியில் தேங்காய்ப்பூ இருந்தது என்று டொலருக்கு விற்றால் எனக்குச் சகிக்காது. தேங்காய்ப்பூ கிடையாது.

நடைவழி:
உங்கள் தங்கைக்காக வருத்தப்படுகிறேன், ஐயா. ஆனால் என் பாட்டியை நீங்கள் பொய்க்காரியாக்க முடியாது. தோட்டத்தில் எல்லா வருடமும் 1974 இல்லை. தீபாவளிக்கும் தேங்காய் வாங்கமாட்டார்களா?

ஹட்டன் பழசு:
தீபாவளிக்கு வாங்குவார்கள். அன்று ரொட்டி யார் சுட்டார்? அன்று சோறு, கறி. இதுகூடத் தெரியாமல் வழிகாட்டியாக இருக்கிறீர்கள்.

பதுளை ராணி:
புளித்துப்போகும் என்று முதலில் சொன்னீர்கள். ஹட்டன் குளிரில் மதியத்துக்குள் என்ன புளிக்கும்? குளிர் என்றால் தென்னை வராது, ரொட்டி மட்டும் புளிக்குமா?

ஹட்டன் பழசு:
இடுப்பில் கட்டிய ரொட்டி உடம்புச் சூட்டில் புளிக்கும். கூடை சுமந்தவர்களுக்கு அது தெரியும்.

பதுளை ராணி:
நான் பதினாறு வயதிலிருந்து கூடை சுமந்தவள். நீங்கள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன் என்று போன வருடம் நீங்களே இங்கே எழுதினீர்கள். யார் யாருக்குக் கூடையைப் பற்றிச் சொல்வது?

ஹட்டன் பழசு:
என் தகப்பன் கணக்கப்பிள்ளை ஆனது நான் பிறந்து பத்து வருடம் கழித்து. அதற்கு முன் நாங்களும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரே அறையில், எட்டுப்பேர். தனிப்பட்ட பேச்சுக்கு வராதீர்கள்.

கொழுந்துக்கூடை:
இதைத் தொடங்கியவள் நான். தயவுசெய்து நான் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். நான் அழுதது தேங்காய்ப்பூவுக்காக இல்லை. சம்பள நாளில் குடித்துக் கிடப்பவர்கள் என்று என் தகப்பனைப் பற்றிச் சொல்லிப் பத்துப்பேர் சிரித்ததற்காக. அந்தத் தவறணைகளை, சாராயக் கடைகளை, நடத்தும் உரிமத்தை ஏலம்போட்டு வருமானம் எடுத்தது வெள்ளைக்கார அரசாங்கம்தானே. சாராயம் யாருக்கு லாபம் கொடுத்தது என்று ஒரு வார்த்தை அந்த நடையில் இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒருவரின் நடைக்காசு கிட்டத்தட்ட ஒன்பது நாள் சம்பளம். அந்தக் காசைக் கொடுத்து நான் கேட்டது அந்தச் சிரிப்பு.

பேராதனை மாணவன்:
அக்கா சொல்வதைத்தான் பேச வேண்டும். 2023இல், நம் முன்னோர் வந்து 200 வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். முன்னோர் வந்த வழியை நினைத்து நடந்த நடை அது. அந்த வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைச் சொல்லாமல் “200 வருட ரொட்டி” என்று விற்பதுதான் எனக்கு வலிக்கிறது.

கட்டுக்கலை:
அதைத்தான் நானும் சொன்னேன். மலபார் வீதியிலும் நிறுத்த வேண்டும்.

நடைவழி:
நிறுத்த நேரம் இல்லை, ஐயா. மூன்று மணி நேரத்தில் ஏழு கடை. ஆட்கள் வருவது சாப்பிட. தெருவுக்குத் தெரு பிரசங்கம் செய்தால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். அந்த அக்கா முன்னால் அப்படிச் சொல்லிச் சிரித்த வழிகாட்டியிடம் நான் பேசுகிறேன். ஆனால் ரொட்டியை மாற்றச் சொல்லமாட்டேன். என் பாட்டி சுட்ட ரொட்டி அது.

ஹட்டன் பழசு:
அப்படியானால் “என் பாட்டி ரொட்டி” என்று பலகை வையுங்கள். லயத்து ரொட்டி என்று வைக்காதீர்கள்.

பதுளை ராணி:
ஏன் வைக்கக் கூடாது? அவருடைய பாட்டி லயத்தில் இல்லாமல் பங்களாவிலா இருந்தார்? நாளை ஞாயிறு. என் மாமியாருக்கு எண்பத்தொரு வயது, இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். அவர் கையால் ரொட்டி சுடவைத்துப் படம் போடுகிறேன். தேங்காய் இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற போதும் அரைமூடி துருவிப் போட்டவர் அவர்.

ஹட்டன் பழசு:
போடுங்கள், பார்ப்போம். அவருடைய சின்ன வயதில் என்ன போட்டார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். உங்கள் வாயால் வேண்டாம், அவர் வாயால். தேங்காய்ப்பூ இருந்தது என்று அவர் சொன்னாலும், அது பசறை.