மட்டக்களப்பு மாவட்டத்தின் முந்தனையாற்று மணலுக்குப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்க வேண்டுமா?

கிரான்_கமக்காரன்:
ஆற்றின் படுகை முறையாக அளக்கப்படும் வரை, முந்தனையாற்றில் மணல் அகழ்வதற்குப் புதிய அனுமதிப்பத்திரம் எதனையும் வழங்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி, காணி எவருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிய வளம் அரசுக்கே உரியது. அனுமதியின்றி அகழ்வது குற்றம். சட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் எத்தனை கியூப் (மணலின் கன அளவு) அள்ளலாம் என்று எழுதும் கடதாசி, கடந்த மாரியில் ஆறு எவ்வளவு மணலைக் கொண்டுவந்து சேர்த்தது என்று கேட்பதாகத் தெரியவில்லை. படுகை தாழத் தாழக் கரை இடிந்து வயலுக்குள் வருகிறது, சிறுபோகத்தில் ஆற்றுநீர் வாய்க்கால் மட்டத்துக்கு எட்டாமல் கீழேயே ஓடிவிடுகிறது, கரையோரக் கிணறுகளும் இறங்கிவிடுகின்றன.

ஏறாவூர்_டிப்பர்:
அண்ணன், நான் டிப்பர் வைத்திருப்பவன். என் பேச்சில் என் பிழைப்பும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் இம்மாவட்டத்தில் எழுந்த வீட்டுத்திட்டங்கள் பெரும்பாலும் ஆற்று மணலில்தான் எழுந்தன. வீடு கட்டும் ஏழைக்கு மணல் இன்றும் வேண்டும். அனுமதியை நிறுத்தினால் மணல் அள்ளுவது நிற்காது, பகலில் அள்ளுவது மட்டுமே நிற்கும். அனுமதி பெற்றவர் கட்டணம் செலுத்துகிறார், அகழ்ந்த இடத்தைச் சீரமைப்பதற்கான பிணைப்பணம் வைக்கிறார், போக்குவரத்து அனுமதியோடு வீதியில் ஏறுகிறார். இரவில் உழவு இயந்திரத்தோடு ஆற்றில் இறங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கும் தடை நேர்மையானவரை வெளியேற்றி, மற்றவருக்கு ஆற்றை முழுதாக எழுதிக் கொடுத்துவிடும்.

கிரான்_கமக்காரன்:
நானா, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் நேர்மை வளரும் என்ற வாதத்தை நாடு ஏற்கெனவே பரீட்சித்துப் பார்த்தது. 2019 டிசம்பரில் மணல், மண், களிமண் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்கான போக்குவரத்து அனுமதி தேவையில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. வீதியில் செல்லும் லொறியை மறித்து, இந்த மணல் எந்த ஆற்றிலிருந்து எவருடைய அனுமதியில் வந்தது என்று கேட்பதற்குப் பொலிஸாரிடம் இருந்த எளிய வழி அந்தக் கடதாசிதான். அதை எடுத்துவிட்டால் அனுமதி பெற்ற மணலுக்கும் திருட்டு மணலுக்கும் நிறமா வேறுபடப் போகிறது? நேர்மையான உங்களைக் காப்பாற்றுவதும் அதே கடதாசிதான் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓய்வு_நீர்ப்பாசனம்:
தம்பிமார் இருவரும் ஆற்றின் கீழ்ப்பகுதியை மட்டுமே பார்க்கிறீர்கள். அணை கட்டிய ஆற்றில் மணலும் தேங்குகிறது. நீர் மதகு வழியாக வெளியேறலாம், பருமணல் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடும். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பின்னர், அம்பாறைச் சமவெளிக்குப் பழைய அளவில் மணல் இறங்க வழியில்லை. முந்தனையாற்றின் மேற்பகுதியிலும் இப்போது றம்புக்கன் ஓயா நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆகவே "மாரி வெள்ளம் வந்தால் குழி தானாக நிரம்பிவிடும்" என்று அகழ்பவர்கள் சொல்வது பழைய ஆற்றுக்குப் பொருந்தலாம், இந்த ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது. எவ்வளவு நிரம்புகிறது என்று ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும் அளந்து, அதில் ஒரு பங்கை மட்டும் அள்ள விடுவதே முறை. தடை என்ற சொல்லே இங்கு தேவையற்றது.

திருக்கோவில்_மகள்:
ஆற்று மணலைப் பேசும்போது கடற்கரையை மறந்துவிடுகிறோம். கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் என்ற கனியத்தை எடுக்கும் முயற்சிக்கு எதிராகத் திருக்கோவிலிலும் வாகரையிலும் மக்கள் வீதிக்கு இறங்கியது விளக்கம் இல்லாமல் நடந்ததல்ல. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே தனி அனுமதி வேண்டும். சுரங்கப் பணியகம் ஒன்று, கரையோரத் திணைக்களம் ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஒன்று என்று மூன்று கதவுகள் இருந்தும், ஊர்ச்சனம் தட்டுவதற்கு ஒரு கதவுகூட ஊருக்குள் இல்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்ததோடு, கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஆளும் மாகாண மட்டத்தில் இல்லாமற் போனார்.

ஏறாவூர்_டிப்பர்:
தங்கச்சி, இல்மனைட் விடயத்தில் உங்களோடு எனக்குப் பிணக்கில்லை. அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பொருள், ஊரில் ஒரு கூரைக்குக்கூட அது தாங்கல் இல்லை. அதை வைத்து ஆற்று மணலையும் நிறுத்தச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. பொறியியலாளர் ஐயா சொன்ன அளவையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அளப்பது யார்? அளக்கும் காலம் முழுவதும் எங்கள் வாகனங்களுக்கு லீசிங் தவணை கட்டுவது யார்? இதற்கு விடை சொல்லாத அளவை, நிறுத்தத்துக்கு இன்னொரு பெயர்தான்.

ஓய்வு_நீர்ப்பாசனம்:
அளவைக்கு ஆண்டுக்கணக்கு வேண்டியதில்லை, தம்பி. பாலத் தூண்களிலும் அணைக்கட்டுகளிலும் மட்டக்குறி பதித்துவிட்டால், மாரி வெள்ளம் வடிந்த பின்னரும் சிறுபோகம் முடிந்த பின்னரும் படுகையின் மட்டத்தைப் பார்த்து எழுதலாம். பிரதேச செயலகத்தின் ஓர் உத்தியோகத்தரும், கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவரும், அனுமதி பெற்றவர்களில் ஒருவரும் சேர்ந்து கையொப்பமிட்டால் போதும். நடப்பிலுள்ள அனுமதிகள் காலாவதியாகும் வரை ஓடட்டும். புதுப்பிக்கும்போது கியூப் கணக்கை அந்த மட்டத்தோடு ஒப்பிட்டுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

கிரான்_கமக்காரன்:
அந்தக் கணக்கு ஆற்றங்கரையிலேயே பலகையில் எழுதி வைக்கப்படுமானால், புதிய அனுமதிக்கான என் எதிர்ப்பை முதல் அளவை முடியும் வரை என்று சுருக்கிக்கொள்கிறேன். பலகையில் உரியவரின் அனுமதி இலக்கமும், அள்ளக்கூடிய கியூப்பும், முடிவுத் திகதியும் இருக்க வேண்டும்; வயலுக்குப் போகிற எவரும் நின்று வாசிக்கக்கூடியதாகத் தமிழிலும் இருக்க வேண்டும்.

ஏறாவூர்_டிப்பர்:
பலகை வையுங்கள். என் இலக்கத்தை முதலாவதாக எழுதுங்கள். இரவில் வருபவனுக்கு எந்தப் பலகை வைக்கப் போகிறீர்கள் என்பதையும் அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்டுச் சொல்லுங்கள்.